வரி யார் தலையில் விழுகிறது? கணக்குப் போட உதவும் அரசுத் தரவுத் தளங்கள்: வேலூரிலிருந்து ஒரு மதிப்பீடு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் தொழிற்சங்கங்களும், கல்லூரிப் பொருளாதாரத் துறைகளும், சிறு ஆய்வுக் குழுக்களும் வரியைப் பற்றிக் கணக்கோடு பேச வேண்டிய காலம் இது. ஆம்பூர் காலணி, குடியாத்தம் பீடி, காந்தி ரோடு லாட்ஜ் என்று இங்குள்ள பிழைப்பு ஒவ்வொன்றையும் ஜிஎஸ்டி கவுன்சிலின் முடிவு தொடுகிறது. ஆய்வுக்கு வேண்டிய தரவில் பெரும்பகுதி இலவசம். டெல்லிக்கோ சென்னைக்கோ அலைய வேண்டியதில்லை. ஆனால் எந்தத் தளம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்று தெரியாமல் இறங்கினால் மாதக்கணக்கில் உழைத்தும் தப்பான எண் கையில் வந்து நிற்கும்.

எவ்வளவு வசூலானது என்ற கேள்விக்கு இந்தத் தளங்கள் நன்றாகவே பதில் தருகின்றன. யாரிடமிருந்து வசூலானது என்றால் பெரும்பாலானவை வாய் மூடிக்கொள்கின்றன. ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையே வரிச்சுமை எப்படிப் பிரிகிறது என்று கேட்கிற குழுவுக்கு இந்த இரண்டாவது கேள்விதான் உயிர். அதற்கு ஓரளவாவது பதில் தருவது தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு மட்டுமே. அதனால் இங்கே முதலிடமும் அதிக இடமும் அதற்கே.

2022-23, 2023-24 ஆகிய இரண்டு சுற்றுகளின் குடும்ப வாரியான தரவு மைக்ரோடேட்டா தளத்தில் கிடைக்கிறது. மின்னஞ்சல் கொடுத்துப் பதிவுசெய்து, எதற்காகக் கேட்கிறோம் என்று எழுதினால் இறக்கிக்கொள்ளலாம்; கட்டணம் இல்லை. 2023-24 சுற்றில் நாடு முழுக்க 2,61,953 குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொருள் வாரியாக ஒரு வரிசை என்பதால், 10,48,576 வரிசைகளோடு நின்றுவிடும் எக்செல் இதற்கு ஆகாது. ஆர், ஸ்டாட்டா, பைத்தான் இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தவர் குழுவில் ஒருவராவது வேண்டும். முதலில் மாநில எண் 33 என்று வடிகட்டித் தமிழ்நாட்டை மட்டும் பிரித்துவிட்டால் சாதாரண லேப்டாப்பே போதும்.

இனி, கணக்கு எங்கே கவிழும் என்று பார்ப்போம். கணக்கெடுப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் ஞாபகக் காலம், அதாவது கடந்த எத்தனை நாள் செலவைக் கேட்கிறார்கள் என்பது, வேறு. காய்கறி, எண்ணெய், பீடிக்கு 7 நாள். அரிசிக்கு 30 நாள். துணி, செருப்பு, மருத்துவமனையில் சேர்ந்த செலவுக்கு 365 நாள். எல்லாவற்றையும் மாதக் கணக்குக்குக் கொண்டுவராமல் கூட்டினால் செருப்புச் செலவு பன்னிரண்டு மடங்கு வீங்கும், பீடிச் செலவு கால்பங்குக்கும் கீழே சுருங்கும். அடுத்து, உணவு, பிற நுகர்பொருளும் சேவையும், நீடித்த பொருள் என மூன்று கேள்வித்தாள்களை வெவ்வேறு வருகைகளில் நிரப்புகிறார்கள். குடும்ப அளவும் ஒவ்வொரு முறையும் தனியாகப் பதிவாகிறது. ஒவ்வொரு பகுதியையும் அதனதன் குடும்ப அளவால் வகுத்துத் தலா செலவாக்கிய பிறகே மூன்றையும் கூட்ட வேண்டும். ரேஷன் அரிசி போல இலவசமாக வந்த பொருளின் மதிப்பு தனியே வைக்கப்பட்டிருக்கும். அதை வரிக்குரிய செலவில் சேர்க்கக் கூடாது.

அதிகம் பேர் சறுக்குவது வேறோரிடத்தில். குடும்பம் சொல்லும் செலவு, வரியும் சேர்ந்த விலை. 1,000 ரூபாய் செலவில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி என்றால் வரி 180 ரூபாய் இல்லை. 1,000 ரூபாயை 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்க வேண்டும்: 152 ரூபாய் 54 காசு. 5 விழுக்காட்டில் 47 ரூபாய் 62 காசு. விகிதம் உயர உயரப் பிழையும் பெரிதாகும். ஆகவே இந்தத் தவறு எல்லா வகுப்பையும் ஒரே அளவில் பாதிக்காது. வரிச்சுமை பிரிகிற விகிதத்தையே மாற்றிக் காட்டும்.

விகிதத்தின் தேதியும் முக்கியம். 2023-24 சுற்று 2023 ஆகஸ்டிலிருந்து 2024 ஜூலை வரை நடந்தது. அப்போது 1,000 ரூபாய்க்குட்பட்ட காலணிக்கு 12 விழுக்காடு. 2022 ஜனவரி 1-க்கு முன்பு அதுவே 5. இப்போது, 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு 5. இன்றைய விகிதத்தை அன்றைய செலவின் மேல் வைத்தால் அது சுமைக் கணக்கு ஆகாது. ‘விகிதம் மாறினால் என்னவாகும்’ என்கிற மாதிரிக் கணக்கு அது. இரண்டையும் தனித்தனி அட்டவணையாக வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் விடக் கூடாது. சட்டம் சொல்லும் விகிதத்தை எல்லா வாங்குதலுக்கும் போட்டால் ஏழையின் சுமை கூடித் தெரியும். பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. 1.5 கோடி வரை காம்போசிஷன் என்ற எளிய வரித் திட்டத்தில் விற்றுமுதலில் 1 விழுக்காடு கட்டினால் போதும். கே.வி. குப்பத்திலும் ஒடுகத்தூரிலும் கூலிக்குப் போகிறவர் சாமான் வாங்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட கடையில்தான். ஆனாலும் சுமை பூஜ்ஜியம் ஆகிவிடாது. கடைக்காரர் கொள்முதலில் கட்டிய வரி விலைக்குள் ஒளிந்திருக்கும். எனவே சட்ட விகிதத்தில் ஒன்று, சிறுகடை வாங்குதலைக் குறைத்து ஒன்று என்று மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் போட்டு, இரண்டையும் வெளியிட வேண்டும். ஒற்றை எண்ணை மட்டும் கொடுக்கும் அறிக்கையை நம்ப வேண்டாம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஜிஎஸ்டியில் 64 விழுக்காடு அடித்தட்டு 50 விழுக்காட்டு மக்களிடமிருந்து வருகிறது என்று ஆக்ஸ்ஃபாம் இந்தியா 2023 ஜனவரியில் சொன்னது மேடைக்கு மேடை ஒலித்தது. அந்தத் தேதியில் ஜிஎஸ்டி வந்த பிறகான அரசு நுகர்வுக் கணக்கெடுப்பு எதுவுமே வெளியாகியிருக்கவில்லை. 2017-18 சுற்றை அரசு வெளியிடாமல் கைவிட்டது. அதற்கு முந்தையது 2011-12. மறைமுக வரி ஏழையை அழுத்துகிறது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. நம் பக்கத்துக்கு இனிக்கும் எண் என்பதற்காகவே முறையைப் பார்க்காமல் அதைத் தூக்கிச் சுமந்தால், எதிர்த்தரப்பு அந்த ஓர் எண்ணை உடைத்தே மொத்த வாதத்தையும் தள்ளிவிடும். உதிரியாக விற்கும் அரிசி, காய்கறி போன்றவற்றுக்கு வரி இல்லாததால், செலவோடு ஒப்பிட்டால் ஜிஎஸ்டி மிதமான வளர்வீத வரி (பணக்காரர் மேல் கூடுதல் விகிதத்தில் விழும் வரி) போலக்கூடத் தெரியலாம். வருமானத்தோடு ஒப்பிட்டால் படம் தலைகீழாகும். பணக்காரர் வருமானத்தில் பெரும்பங்கைச் சேமிக்கிறார், கூலிக்காரர் முழுவதையும் செலவழிக்கிறார். எதால் வகுத்தோம் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

மாவட்ட அளவில் இந்தத் தரவை உடைக்க வேண்டாம். மாதிரி அதைத் தாங்காது. கணக்கெடுப்பு மண்டலப் பிரிவில் வேலூர் வட கடலோர மண்டலத்தில் சேர்கிறது. கடலையே காணாத மாவட்டம் சென்னையோடு ஒரே கூடையில் கிடக்கிறது, ஆகவே மண்டலச் சராசரியை நம் ஊரின் சராசரி என்று காட்டுவதும் தப்பு. எல்லை மாற்றமும் சிக்கல்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கில் 39.36 லட்சம் பேர் கொண்ட வேலூர், 2019 நவம்பர் 28-இல் மூன்றாகப் பிரிவதற்கு முந்தைய வேலூர். இன்னும் பின்னால் போனால் 1989-இல் திருவண்ணாமலை பிரிவதற்கு முந்தைய வட ஆற்காடு. நீண்ட காலத் தொடர் வேண்டுமென்றால் தாலுகா எண்களைக் கூட்டித்தான் கட்ட வேண்டும்.

அடுத்தது ஜிஎஸ்டி தளத்தின் மாத வசூல் அட்டவணை. இறக்குவது எளிது, தேதி தவறுவதில்லை. ஆனால் ‘தமிழ்நாடு’ என்று எதிரே இருக்கும் எண் தமிழ்நாட்டு அரசின் வருவாய் அல்ல. ஆம்பூர் ஷூ டெல்லிக் கடைக்குப் போனால் அதன் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்கான ஜிஎஸ்டி) இங்கே வசூலானதாகக் கணக்கில் வரும். மாநிலப் பங்கு டெல்லிக்குப் போகும். ஏற்றுமதியானால் வரி திரும்பிவிடும். ஆகவே மொத்த வசூலை விட்டுவிட்டு, ரீஃபண்ட் கழித்த நிகரத்தையும், ஐஜிஎஸ்டி பிரித்த பிறகான மாநிலப் பங்கு அட்டவணையையும் எடுங்கள். தளத்தின் புள்ளிவிவரம் மாநிலத்தோடு நின்றுவிடும். ராணிப்பேட்டைத் தோல் தொழிலின் வரி எவ்வளவு என்று அங்கே தேடிப் பயனில்லை.

வேலூருக்கே உரிய ஒரு கணக்கு இங்கே இருக்கிறது. சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளின் குடும்பங்கள் வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குகின்றன. மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. நாள் வாடகை 1,000 ரூபாய்க்குட்பட்ட அறைக்கும் 2022 ஜூலை 17 வரை விலக்கு இருந்தது. பிறகு 12 விழுக்காடு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 5, உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) இல்லாமல். ஐஜிஎஸ்டி சட்டப்படி தங்கும் சேவை நடக்கும் இடம் கட்டடம் இருக்கும் இடம்தான். எனவே மால்டாவிலிருந்து வந்தவர் கட்டும் வரியின் மாநிலப் பங்கு தமிழ்நாட்டுக்கே சேரும். ஆனால் நுகர்வுக் கணக்கெடுப்பில் அந்தச் செலவு மேற்கு வங்கக் குடும்பத்தின் பெயரில்தான் பதிவாகும். இரண்டு தரவையும் நேராகப் பொருத்திப் பார்ப்பவருக்கு இந்த இடைவெளி பிடிபடாது. 20 லட்சத்துக்குக் குறைந்த விற்றுமுதல் உள்ள சிறு லாட்ஜ் பதிவே செய்ய வேண்டியதில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நோயாளியின் உடன்வந்தவர் மேல் விழும் வரியைப் பற்றி யாராவது ஒழுங்காக எழுத வேண்டும் என்றால் அது வேலூரிலிருந்துதான் வர வேண்டும்.

தமிழ்நாடு பட்ஜெட் தளம் நல்ல தளம். பட்ஜெட் உரை தமிழிலும் கிடைக்கிறது, கணக்குத் தலைப்பு வாரியாக விவரம் இருக்கிறது. முத்திரைத்தாள், பதிவுக்கு 0030, ஆயத்தீர்வைக்கு 0039, விற்பனை வரிக்கு 0040, வாகன வரிக்கு 0041, மாநில ஜிஎஸ்டிக்கு 0006. மது வருவாயைத் தேடுகிறவர்கள் 0039-ஐ மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். டாஸ்மாக் வருவாயின் பெரும்பகுதி மதிப்புக்கூட்டு வரியாக 0040-இல் இருக்கிறது. பெட்ரோல், டீசல் வரியும் அதே தலைப்பில்தான். 2017 ஜூலைக்குப் பிறகு 0040 என்றாலே முக்கியமாக இவைதான். உழைக்கும் குடும்பத்தின் மேல் விழும் கனமான வரிகள் ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கின்றன என்பதால், ஜிஎஸ்டியை மட்டும் அளந்து வரிச்சுமை என்று பெயர் வைக்கக் கூடாது. கணக்கெடுப்பில் மதுச் செலவை மக்கள் குறைத்தே சொல்வார்கள். பட்ஜெட் மொத்தத்தோடு ஒப்பிட்டுத் திருத்தக் குணகம் போடுவது நல்லது. பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைக் கணக்கு மூன்றையும் ஒரே வரைபடத்தில் கலக்கவும் கூடாது. உண்மைக் கணக்கு இரண்டு ஆண்டு பிந்தித்தான் வரும். அவசரத்துக்கு சிஏஜி என்ற தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் மாதாந்தரக் குறியீடுகளைப் பார்க்கலாம், ஆனால் அவை தணிக்கை ஆகாதவை.

ஒன்றிய பட்ஜெட்டின் வரவு ஆவணத்தில், வரிச் சலுகைகளால் குறையும் வருவாய் என்ற பின்னிணைப்பு ஒரு சுரங்கம். நிறுவனங்களின் லாப அளவு வாரியாக உண்மையில் கட்டிய வரி விகிதம் அதில் இருக்கும். பெரிய லாபக்காரர் சிறியவரை விடக் குறைந்த விகிதம் கட்டியதைப் பல ஆண்டு அட்டவணைகள் காட்டுகின்றன. 2019 செப்டம்பரில் நிறுவன வரியை 22 விழுக்காடாகக் குறைத்தபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி இழப்பு என்று அரசே சொன்னது; அதன் தொடர்ச்சியை இங்கே பின்தொடரலாம். வருமான வரித் துறையின் புள்ளிவிவரத்தில் இரண்டு எச்சரிக்கை. ரிட்டர்ன் போட்டவர் எல்லாம் வரி கட்டியவர் அல்லர். குறைந்த வருமானக்காரர்களுக்கான 87ஏ பிரிவுத் தள்ளுபடியால் பலருக்கு வரி பூஜ்ஜியம். மாநில வாரி வசூல், வரி கட்டிய இடத்தைச் சொல்கிறது. பணம் சம்பாதிக்கப்பட்ட இடத்தைச் சொல்லாது. ஒன்றிய வரியை மாநிலங்களோடு பகிரும் கணக்குக்கு: 2021-26 காலத்தில் பகிர்வுத் தொகுப்பின் 100 ரூபாயில் மாநிலங்களுக்கு 41, அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு, அதாவது 1 ரூபாய் 67 காசு. செஸ், சர்சார்ஜ் இந்தத் தொகுப்புக்குள் வருவதே இல்லை.

மாநகராட்சியின் சொத்து வரித் தளம் வரி கட்டுவதற்கென்று அமைந்தது. ரசீது எடுக்க உதவும், ஆய்வுக்கு உதவாது. 2022-இல் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என்று உயர்த்தினார்கள். பரப்பளவில் இது வளர்வீதம்தான். நிலத்தின் சந்தை மதிப்போடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்க, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி வேலூரின் நான்கு மண்டலங்களுக்கும் தனித்தனியே டிமாண்ட், கலெக்‌ஷன், பேலன்ஸ் (கேட்ட வரி, வசூலானது, பாக்கி) கேளுங்கள். பரப்பளவுப் படி வாரியாகக் கேளுங்கள். தோல் தொழிலுக்கும் இதே வழிதான். ஜிஎஸ்டி சட்டத்தின் 158-ஆம் பிரிவு தனி நிறுவனத்தின் விவரத்தை வெளியிடத் தடை போடுகிறது. எனவே பெயர் எதையும் கேட்காமல், 64-ஆம் அத்தியாயப் பொருள்களுக்கு, அதாவது காலணிகளுக்கு, பதிவுபெற்றோர் எண்ணிக்கை, ரொக்கமாகக் கட்டிய வரி, ரீஃபண்ட் மூன்றையும் கூட்டுத்தொகையாக, ஆண்டு வாரியாகக் கேட்டால் மறுக்க இடம் குறையும். பதில் தர 30 நாள் கெடு. ஆய்வுத் திட்டத்தின் முதல் வாரத்திலேயே மனுவைப் போட்டுவிட்டு, காத்திருக்கும் நாள்களில் நுகர்வுத் தரவைச் சுத்தம் செய்யலாம்.