சக்ஸீட், மேனேஜ், வின்: கடிதத்தில் எதை எழுதுவது?

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருப்பவர் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதுகிறார். பழைய வீட்டுத் தரையின் பச்சை நிறம் புது ஓட்டிலும் அச்சு அசலாக வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். தமிழில் 'கொண்டுவந்துட்டோம்' என்றால் போதும். ஆங்கிலத்தில் வின், மேனேஜ், சக்ஸீட் என்று மூன்று வினைகள் முன்னால் நிற்கும். இந்த இடத்தில் என் ஓட்டு சக்ஸீட்டுக்கே.

வின் போட்டிக்கும் பரிசுக்கும் உரியது, இங்கே பொருந்தாது. நாம் கோப்பையையும் வெல்கிறோம், எதிரணியையும் வெல்கிறோம். ஆங்கிலத்தில் எதிரணிக்கு பீட் அல்லது டிஃபீட்தான். 'காரைக்குடி வன் தேவகோட்டை' என்று எழுதினால் தேவகோட்டையையே பரிசாக வாங்கிவிட்டதாகப் பொருள் வரும்.

மேனேஜில் இலக்கணத் தொல்லை கிடையாது. பின்னால் டு, அதன்பின் வினைச்சொல்: 'மேனேஜ்ட் டு மேச் த கலர்'. ஆனால் அதற்குள் ஓர் 'எப்படியோ' ஒளிந்திருக்கிறது. 'மேனேஜ் பண்ணிக்கலாம்' என்று நாம் சொல்வதில் இருக்கிற அதே சமாளிப்பு. படிப்பவருக்கு, அடுத்த லாட்டும் இதே பச்சையில் வருமா என்ற சந்தேகம் தட்டும். ஐப்பசி மழையில் ஓடு காயாமல் கிடந்து, ஒருவழியாக லாரி ஏற்றியதைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஃபோனில் பேசும்போதும் மேனேஜ்தான் இயல்பு. சக்ஸீட் அங்கே கொஞ்சம் விறைப்பாக இருக்கும்.

எழுத்தில் சக்ஸீட் வேறு மாதிரி. முயன்றோம், நினைத்தது கைகூடியது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. திண்டாட்டத்தின் வாடை இல்லை. தவறெல்லாம் அதற்குப் பின்னால் வரும் சொல்லில்தான் நடக்கிறது. வான்ட், ட்ரை, மேனேஜ் எல்லாம் டு கேட்பதால், அந்தப் பழக்கத்தில் 'சக்ஸீடட் டு மேச்' என்று எழுதிவிடுகிறோம். வேண்டியது இன், அதன்பின் இங் சேர்த்த வினை: 'வீ சக்ஸீடட் இன் மேச்சிங் த கலர்'. நிறத்தை நேராகச் சேர்த்து 'சக்ஸீடட் த கலர்' என்பதும் தவறு. பெயர்ச்சொல்லை நேரடியாக வைக்க வேண்டுமானால் அச்சீவ் இருக்கிறது.

இன் இல்லாமல் ஓர் ஆளை வைத்தால் பொருளே மாறிவிடும். 'ஐ சக்ஸீடட் மை ஃபாதர்' என்றால் அப்பாவை ஜெயித்ததாக அர்த்தமில்லை; அவருக்குப் பின் பொறுப்புக்கு வந்தேன் என்று அர்த்தம். லத்தீன் மூலத்திலேயே 'அடுத்து வருதல்' என்பதுதான் பொருள். காரியம் கைகூடுதல் அதிலிருந்து கிளைத்தது. சக்ஸீட் டு என்று எழுதினால் பட்டமோ சொத்தோ உரிமையாக வந்து சேர்வதைக் குறிக்கும். பெயர்ச்சொல்லும் இரண்டாகப் பிரிகிறது: கைகூடியது சக்ஸஸ், அடுத்து வந்தது சக்ஸஷன்.

பங்காளிகள் ஊர் ஊராகப் பிரிந்திருக்கும் செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு இந்த இரண்டாவது சொல் ரொம்ப முக்கியம். சக்ஸஷன் சர்டிபிகேட் வேறு, தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் வேறு. முன்னதை 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றம் தருகிறது. இறந்தவருக்கு வரவேண்டிய கடன், வங்கி டெபாசிட், பங்குப் பத்திரம் போன்றவற்றுக்குத்தான் அது. வளவு வீட்டுக்கும் மனைக்கும் செல்லாது. வங்கியிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தில் லீகல் ஏர் (வாரிசு) என்று இருக்கிறதா, சக்ஸஷன் என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே அலைய ஆரம்பிக்கலாம்.

சக்ஸீடின் எழுத்துக்கூட்டலில் 'சி' இரண்டு, 'ஈ' இரண்டு. இதே 'சீட்' முடிவை இதே எழுத்துகளில் எழுதும் வினைகள் ஆங்கிலத்தில் மூன்றே: சக்ஸீட், எக்ஸீட், ப்ரொசீட். 'சூப்பர்சீட்' காதுக்கு அப்படியே கேட்டாலும் அதில் வருவது 'எஸ்'.