லேசர் டிங்கி: பாய்மரக் குழிதான் என் மனக்குறை

ஒருவர் ஓட்டும் சிறு பாய்ப்படகான லேசர், பழையது ஒன்று விலை இறங்கி வந்திருக்கிறதாம். திருகோணமலைக் கரையில் உப்புவெளியிலிருந்து குச்சவெளி வரை கரையோர நெடுந்தூர ஓட்டம் பழக அது தாங்குமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நீளம், எடை எல்லாம் அவருக்குத் தெரிந்ததே. போட் தாங்கும். பாய்மரத்தைச் செருகி நிறுத்துகிற பாய்மரக் குழி தாங்குமா என்பதுதான் கேள்வி.

லேசரில் மரத்தை இழுத்துப் பிடிக்கப் பக்கக் கம்பிகள் கிடையாது. 7 சதுர மீற்றர் பாய் வாங்குகிற காற்றின் இழுவை முழுவதும் குழியின் மேல்வாயிலும் அடியிலும்தான் விழுகிறது. பாய் பக்கம் மாறும்போதெல்லாம் மரமும் குழிக்குள் சுழலும். நம் கரையோ மணல். மரத்தைக் கரையில் கிடத்தி அப்படியே தூக்கிச் செருகினால், மரத்தின் அடிமுனை மூடியில் ஒட்டிய மணல் குழியின் அடியை சாண்ட்பேப்பர் போலத் தேய்த்துக்கொண்டே இருக்கும். வெளியே ஒரு கீறலும் தெரியாது.

குழியின் அடி வெடித்தால் போட்டின் மூடிய உடலுக்குள் நீர் புகும். 20 லீற்றர் என்றால் 20 கிலோ, 59 கிலோ உடலுக்கு மூன்றிலொரு பங்கு கூடுதல் பாரம். அதுவும் ஓரிடத்தில் நிற்காது. பின்காற்றில் ஓடும்போது அணியத்துக்கு, அதாவது முன்பக்கத்துக்குப் பாய்ந்து, முன் அலைக்குள் மூக்கைக் குத்த வைக்கும். நீரை வெளியேற்றும் பெய்லர் இதற்கு உதவாது. அது காக்பிட் என்கிற, நாம் உட்காரும் பள்ளத்து நீரைத்தான் உறிஞ்சும், போட் ஓடினால் மட்டும். உள்ளே போனதைக் கரையேறிப் பின்பக்கப் பிளக்கைக் கழற்றித்தான் வடிக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது கச்சான் காற்றை நினைத்துத்தான். ஆனி, ஆடியில் அது கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. அந்த நேரம் குழி கிழிந்து மரம் சாய்ந்தால், கரை கண்ணெதிரே இருக்க, போட் வங்கக் கடலுக்கு இழுபடும். துடுப்பு ஒன்றைக் கட்டி வைக்காமல் இறங்கவே கூடாது.

திருத்துவது கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். பிளக்கைத் திறந்து, மின்விசிறி வைத்து, நாட்கணக்கில் உலர்த்துங்கள். ஈரத்தில் ரெசின் என்கிற ஒட்டுப் பசை பிடிக்காது. குழியடியைச் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, வட்டமாக வெட்டிய பைபர் துணியை எபொக்சி ரெசினில் நனைத்து இரண்டு மூன்று அடுக்குப் போடுங்கள். வள்ளம் திருத்தும் பொலியெஸ்டர் ரெசின் மலிவு, ஆனால் பழைய பைபரில் எபொக்சி அளவுக்கு ஒட்டாது. மேலே ஒரு டெஃப்லான் வட்டத் தகடு. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் குழியையும் மரத்தின் அடியையும் நல்ல நீரால் கழுவிவிட்டே செருகுங்கள்.

மற்றபடி அருமையான போட். இருவர் மணலில் தூக்கிப் போகலாம். கவிழ்ந்தால், அடியில் நீட்டி நிற்கும் டாகர்போர்ட் பலகையில் ஏறி நின்று ஒருவரே நிமிர்த்தலாம். பின்னேரக் கடற்காற்றில் புறாத்தீவுப் பக்கம் அது நீரின் மேலே எழும்பி ஓடுகிற சுகத்துக்கு ஈடில்லை. இருந்தும், மணற்கரையில் தினமும் இறக்கி ஏற்றி நெடுந்தூரம் ஓட நினைப்பவருக்கு இதை வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாங்கியே தீருவேன் என்றால், பார்க்கப் போகும்போது ஒன்றரை லீற்றர் போத்தலில் தண்ணீர் கொண்டுபோங்கள். குழிக்குள் ஊற்றி, நீர்மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, அரை மணி நேரம் காத்திருங்கள். ஒரு விரல் இறங்கியிருந்தாலும் காசை எடுக்காமல் திரும்பி வாருங்கள்.