ஒனிட்சுகா டைகர் மெக்சிகோ 66: நடக்கலாம், ஓட வேண்டாம்

ஒனிட்சுகா டைகர், 1949இல் ஜப்பானின் கோபே நகரில் கிஹாச்சிரோ ஒனிட்சுகா தொடங்கிய கம்பெனியின் ஷூ பிராண்ட். அந்தக் கம்பெனி 1977இல் ஆசிக்ஸ் ஆனது. ஆரம்பம் கூடைப்பந்து ஷூ. ஆக்டோபஸின் உறிஞ்சிகளைப் பார்த்து ஒனிட்சுகா சோலில் குழி வைத்தார். பிடிப்பு மிஞ்சிப்போய் ஆட்டக்காரர்கள் தடுக்கி விழ, குழியின் ஆழத்தைக் குறைத்தார். சிக்கலை இப்படி நேரடியாகப் பிடிப்பவர்.

இந்த பிராண்டின் மெக்சிகோ 66 ஷூ அழகில் குறையில்லை. ஆனால் சோல் மெல்லிசு, குதிகாலில் குஷன் கம்மி. தார் ரோட்டில் ஓடினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். முன்பக்கம் ஒடுக்கம்; அகலப் பாதக்காரர்கள் அரை சைஸ் கூட்டி எடுங்கள். பாதம் லேசாக வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. நனைந்தால் வெயிலில் வைக்காதீர்கள், தோல் விறைக்கும், பசை விடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவிடுங்கள்.