பத்மினி காருக்கு வினைல் டாப் போடக் கொடுத்து 42,500 ரூபாய் போச்சு: பழைய வண்டி வைத்திருப்பவர்கள் படிக்கவும்

நேற்று மாலை பெய்த ஒரு மணி நேர மழையில் என் வண்டியின் பின்சீட் தொப்பலாக நனைந்துவிட்டது. கண்ணாடியெல்லாம் ஏற்றித்தான் இருந்தது. தண்ணீர் இறங்கியது கூரை வழியாக. மூன்று வாரத்துக்கு முன்னால் 42,500 ரூபாய் கொடுத்துப் புது வினைல் (தோல் மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் உறை) ஒட்டி வாங்கி வந்த அதே கூரை. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 1974 பிரீமியர் பத்மினி, ஃபியட் என்று சொல்வார்களே அந்தக் கார். அப்பா 1981-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாங்கும்போதே கறுப்பு வினைல் டாப் போட்டிருந்தது. வெள்ளை வண்டி, கறுப்புக் கூரை, ஸ்டியரிங்கில் கியர். எங்கள் தெருவில் அந்த வண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. 2021-இல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்துகொள்ளலாம், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அதற்கு எழுதிப் போடுவதற்கு முன்னால் வெடித்துப்போன பழைய டாப்பை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஆசை அவ்வளவுதான்.

கடை சென்னையில்தான். பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் நண்பர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பழைய கார்களைப் புதுப்பித்துக் குட்டிக் குட்டி வீடியோவாகப் போடும் சீட் கவர் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஏமாந்த இடம் எதுவென்று யோசித்துப் பார்க்கிறேன். கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார், கூரையை விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். "பின் கண்ணாடி மூலையில துரு இருக்கு சார். அதை வெட்டி எடுத்துட்டு டிங்கரிங் பண்ணாம ஒட்டினா பாவம்" என்றார். பாவம் என்ற வார்த்தையைச் சொன்னார்! அப்புறம், "அப்பா வண்டியா சார்? எங்கப்பாவும் ஃபியட் டாக்ஸிதான் ஓட்டினாரு" என்று ஒரு நிமிஷம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போய் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வினைல் துண்டை வெட்டிக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். கனமான துண்டு, அடியில் பின்னல் துணி. "இதுதான் சார் போடப்போறோம். கார் டாப்புக்குன்னே வர்றது, வெயில் தாங்கும்." அந்த இடத்திலேயே 30,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். துண்டை டேஷ்போர்டில் போட்டு வைத்தேன்.

நாலு நாள் என்றது பன்னிரண்டு நாள் ஆனது. எடுக்கப்போனது ராத்திரி எட்டு மணிக்கு. டியூப் லைட்டில் கூரை பளபளவென்று இருந்தது. மீதி 12,500-ஐயும் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான் சார் கூட வரும்" என்றார். நானும் சரி என்று வந்துவிட்டேன்.

காலையில் வெளிச்சத்தில் பார்த்தால் தையல் கோணல். கூரையில் முன்னாலிருந்து பின்னால் ஓடும் இரண்டு தையலுக்கும் நடுவில் முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒன்றரை அங்குலம் கூட. போன் செய்தேன். "செட் ஆகும் சார்." தையல் எப்படிச் செட் ஆகும்? ஐந்தாம் நாள் அக்னி வெயிலில் நடுக் கூரையில் தோசையில் எழும்புவது மாதிரி கொப்புளங்கள். போட்டோ அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு வந்த பதில்: "வெயில்ல நிறுத்தினீங்களா சார்? அதான்." கார் கூரையை வெயிலில் காட்டாமல் வேறு எங்கே காட்டுவது? அடுத்த வாரம் பையனை அனுப்புகிறேன் என்றார். பையன் ஊருக்குப் போய்விட்டான் என்றார். நேரில் போனால் "ஓனர் இல்லை". ஓனர் உள்ளே யாருக்கோ கூரையைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்த சத்தம் எனக்குக் கேட்டது.

நேற்று மழை விட்டதும் பின் கண்ணாடி மூலையில் விரலை விட்டேன். வினைல் அப்படியே உரிந்து வந்தது. பசை காயாமல் சளி மாதிரி இழுத்தது. அடியில் பழுப்புத் தண்ணீர். அதற்கும் அடியில் பட்டி, பள்ளத்தை நிரப்பப் பூசும் மாவு. துருவை வெட்டவே இல்லை, மேலே பட்டியை அப்பி மூடியிருக்கிறார்கள். ஸ்பேனர் முனையால் தொட்டேன், பிஸ்கட் மாதிரி உதிர்ந்து உள்ளே விழுந்தது. கட்டை விரல் நுழையும் ஓட்டை. முன் பின் கண்ணாடிகளைக் கழற்றவும் இல்லை. ஓரத்தை பீடிங்குக்கு (கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை) அடியில் விடாமல் பிளேடால் வெட்டி அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் தண்ணீர் போயிருக்கிறது.

டேஷ்போர்டிலிருந்த துண்டை எடுத்து உரிந்ததற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாதிக் கனம்கூட இல்லை. சோபாவுக்குத் தைக்கும் ரெக்சின்! 42,500 ரூபாய்க்கு சோபா ரெக்சின்.

அம்பத்தூரில் ஒரு வயதான டிங்கரிடம் போட்டோ காட்டினேன். முறையாகச் செய்தால் முதலில் இரண்டு கண்ணாடியும் கழன்று வரவேண்டும், பழைய பசை முழுதும் தின்னரில் போகவேண்டும், துருவை வெட்டித் தகடு வைத்து வெல்டிங் அடித்து, பிரைமரும் பெயின்டும் ஏறிய பிறகுதான் வினைல் என்றார். பசையைத் தகட்டிலும் வினைலிலும் இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு, நடுக்கோடு பிடித்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே வரவேண்டுமாம். ஈரத்தோடு ஒட்டினால் ஆவி உள்ளேயே நின்று கொப்புளமாகும். எனக்கு நடந்தது அதுதான்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்றுதான். ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும்தான் என்னிடம் இருக்கின்றன. அதை வைத்தே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடப்போகிறேன், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

என்னென்ன பார்க்கவேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு நிற்கவில்லை. இதை மட்டும் கேளுங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பழைய டாப்பை உரித்ததும் நேரில் போய் வெறும் தகட்டைப் பார்த்து போட்டோ எடுங்கள், அதற்கு முன்னால் புதுசை ஒட்ட விடாதீர்கள். ராத்திரியில் வண்டி எடுக்காதீர்கள். சாம்பிள் துண்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மறுபடி கறுத்துக்கொண்டு வருகிறது. தார்ப்பாய் போட்டுக் கட்டப் போகிறேன்.