கூரைப் பட்டைக்கான ரீகால்: இரண்டு குளிர்காலங்களுக்குப் பிந்தைய பயன்பாட்டு அனுபவம்

எங்கள் ஏழு இருக்கை எஸ்யூவியின் கூரையில், முன்கண்ணாடியின் மேல்மூலையில் தொடங்கிப் பின்கதவு வரை இருபுறமும் ஓடும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகள் ஓட்டத்தில் கழன்று விழக்கூடும் என்று அதைத் தயாரித்த நிறுவனம் ரீகால் (குறையை இலவசமாகச் சரிசெய்ய வண்டிகளைத் திரும்ப அழைப்பது) அறிவித்தது. அதற்கான பழுதுநீக்கம் முடிந்து, ஓஹாயோ மாநிலத்தின் இரண்டு குளிர்காலங்களையும் வண்டி கடந்துவிட்டது. பிரேக், ஏர்பேக், எரிபொருள் கசிவு என்றால் டீலரும் உரிமையாளரும் பரபரப்பாகிறார்கள். அலங்காரப் பட்டை என்றால் இருவருமே அதை ஆயில் மாற்றும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் சில்லறை வேலையாகவே நினைக்கிறார்கள். அந்த அலட்சியத்தை விடவும் எனக்குத் தொல்லை தந்தது, ரீகால் கடிதத்தில் தீர்வு என்ற பகுதியின் கீழ் இருந்த இரண்டே வரிகள்தான்: முதலில் பரிசோதனை, தேவைப்பட்டால் மட்டும் மாற்றுதல். இத்தகைய கோளாறு ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே உரியது அல்ல என்பதால், என் வண்டியின் பெயரையும் டீலரின் பெயரையும் இங்கே தவிர்த்துவிடுகிறேன்.

பொதுவெளியில் உள்ள பதிவுகளைப் பார்த்தாலே இது புரியும். 2024 ஜனவரியில் ஃபோர்டு நிறுவனம், முன்கண்ணாடியின் பக்கவாட்டுத் தூணை மூடும் பட்டையின் கிளிப்புகள் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம் என்று, 2011 முதல் 2019 வரையிலான எக்ஸ்புளோரர் மாடல்களில் ஏறத்தாழ 19 லட்சம் வண்டிகளை ரீகால் செய்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2023 அக்டோபரில், முன்பக்கக் கீழ் பம்பர் உறை சிறிய மோதலிலேயே கழன்றுவிடலாம் என்பதற்காக டொயோட்டாவின் ஹைலாண்டர் வண்டிகள் சுமார் 7.5 லட்சம் ரீகாலுக்கு உள்ளாயின. 2025 மார்ச்சில் டெஸ்லா சைபர்டிரக்கின் கூரை ஓரத் துருப்பிடிக்காத எஃகுத் தகடு பசை விட்டுப் பிரிவதாக 46,096 வண்டிகள் ரீகால் ஆயின. அதே ஆண்டில் கியா டெலுரைடின் கதவுக் கண்ணாடியோரப் பட்டைக்காக 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இந்த வரிசையில் சேர்ந்தன.

இவற்றைப் படிக்கும்போது எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், ஒவ்வொன்றிலும் என்ன செய்து கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சைபர்டிரக்கில் வேறுவகைப் பசையோடு, தகட்டில் பற்றவைத்த ஒரு திருகு முளையை நட்டு கொண்டு வண்டியின் உடலோடு இறுக்கிய புதிய பாகமே பொருத்தப்படுகிறது. அதாவது, பசை தோற்றாலும் தகடு பறக்காது. எக்ஸ்புளோரரிலோ முதலில் பரிசோதனை, தேவைப்பட்டால் மட்டுமே மாற்றுதல். இரண்டும் ரீகால்தான், இரண்டும் இலவசம்தான், ஆனால் உரிமையாளரின் கைக்கு வந்துசேரும் பொருள் ஒன்றல்ல. எனக்கு வந்த கடிதம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

பட்டை ஏன் கழல்கிறது என்பதைப் புரிந்துகொள்வது டீலரிடம் பேசுவதற்கு மிகவும் உதவியது. இத்தகைய பட்டைகள் பெரும்பாலும் இருபுறமும் ஒட்டும் அக்ரிலிக் நுரை டேப்பாலும், இடையிடையே சில பிளாஸ்டிக் கிளிப்புகளாலும் நிற்கின்றன. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஏபிஎஸ் பிளாஸ்டிக் பட்டை, ஜனவரி உறைபனியிலிருந்து ஜூலை வெயிலில் காயும் கூரைச் சூடு வரை, சுமார் 60 டிகிரி செல்சியஸ் வேறுபாட்டில் ஏழு மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். அதன் அடியில் உள்ள எஃகு ஒரு மில்லிமீட்டர்தான் நீளும். அந்த ஆறு மில்லிமீட்டர் இழுபறியை ஆண்டுதோறும் தாங்க வேண்டியது டேப்பும் கிளிப்பும்தான். ஒட்டும் இடத்தில் பிரைமர் என்ற, பசை பிடிக்க உதவும் அடிப்பூச்சைப் பூசாமல் விட்டாலோ, தொழிற்சாலையில் அழுத்தம் போதாமல் போனாலோ, முனைகள்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். 2020 நவம்பரில் டெஸ்லாவின் 2016 மாடல் எக்ஸ் வண்டிகள் 9,136 ரீகால் ஆனதற்குக் காரணமே, வெளிப்புறத் தகடுகள் பிரைமர் இல்லாமல் ஒட்டப்பட்டிருக்கலாம் என்பதுதான்.

முனை எழும்பிய பிறகு மீதி வேலையைக் காற்று பார்த்துக்கொள்கிறது. மணிக்கு 70 மைல் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 60 கிலோ எடை அளவுக்கு வரும்; 35 மைல் வேகத்தில் அதில் கால்பங்குதான். கொலம்பஸ் நகருக்குள் ஓட்டும்போது சத்தமே போடாத பட்டை, கிளீவ்லாந்து நோக்கி ஐ-71 நெடுஞ்சாலையில் ஏறியதும் படபடவென்று அடித்துக்கொண்டதற்கு இந்தக் கணக்கே காரணம். கழன்ற பட்டையால் ஓட்டுநருக்குப் பெரிய ஆபத்து இல்லை; பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குத்தான் ஆபத்து. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் இதை அழகுக் குறையாகக் கருதாமல் பாதுகாப்புக் குறையாகவே பதிவு செய்வதும் அதனால்தான்.

எங்களுடையது பழைய வண்டியாக வாங்கியது. இங்கே, ரீகால் நிலுவையில் உள்ள புதிய வண்டியை டீலர் விற்கக் கூடாது; வாடகை நிறுவனங்களுக்கும் 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு தடை விதித்திருக்கிறது. பழைய வண்டி விற்பனைக்கு மட்டும் அப்படிப்பட்ட கூட்டாட்சித் தடை இல்லை. ஆகவே பழைய வண்டி வாங்குகிறவர்கள், கடிதம் வரட்டும் என்று காத்திராமல், ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அடையாளமான, எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்ட வின் எண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் இட்டுப் பார்ப்பது நல்லது. அதே 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலவசப் பழுதுநீக்கத்துக்கான வண்டியின் வயது வரம்பு 10 ஆண்டிலிருந்து 15 ஆண்டாக உயர்ந்தது. மேலே சொன்ன 2011 எக்ஸ்புளோரர்களின் உரிமையாளர்கள் 2024இல் அதை உரிமையாகக் கேட்க முடிந்தது அந்தத் திருத்தத்தின் புண்ணியத்தில்தான்.

முதல் முறை சர்வீஸ் சென்டருக்குப் போனபோது, டெக்னீஷியன் இரு பட்டைகளையும் கையால் அழுத்தியும் லேசாக இழுத்தும் பார்த்துவிட்டு, இரண்டும் உறுதியாக இருப்பதாக எழுதி ரீகாலை முடித்துவிட்டார். அன்று நல்ல கோடை வெயில்; பிளாஸ்டிக் நீண்டு, தன் இடத்தில் நன்றாகப் படிந்து கிடந்தது. அன்றைய நிலையில் அவர் எழுதியது பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரீகால் முடிந்தது என்று கணினியில் ஏறிய கணத்திலிருந்து, வின் எண்ணை இட்டுத் தேடினால் நிலுவை எதுவும் இல்லை என்றுதான் வரும், ஏனெனில் அந்தத் தேடலில் பழுதுநீக்கப்படாத ரீகால்கள் மட்டுமே தெரியும். பரிசோதனை மட்டுமே நடந்த வண்டிக்கும் பாகம் மாற்றிய வண்டிக்கும் அங்கே வேறுபாடு தெரியாது.

முதல் கடுங்குளிரில் வலப்பக்கப் பட்டையின் முன்முனை எழும்பியது. நெடுஞ்சாலையில் ஒவ்வொரு கனரக லாரியைக் கடக்கும்போதும் மேலே விசில் போன்ற ஒலி கேட்டது. டீலரிடம் போனால், ரீகால் ஏற்கெனவே முடிந்துவிட்டது, வாரண்டியும் தீர்ந்துவிட்டது, பட்டைக்கும் கூலிக்கும் பணம் கட்ட வேண்டும் என்றார் சர்வீஸ் அட்வைசர். அவர் மரியாதையாகவே பேசினார். அவர் முன்னால் இருந்த திரையில் அதற்கு மேல் எதுவும் இல்லை. அங்கே வாக்குவாதம் செய்வதில் பயனில்லை என்று, தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவை நேரடியாக அழைத்து ஒரு கேஸ் எண் வாங்கினேன். முதல் பரிசோதனையின் ரிப்பேர் ஆர்டர் (டீலர் எழுதித் தரும் வேலைச் சீட்டு) நகலையும், எழும்பிய முனையின் அருகே அளவுகோல் வைத்து எடுத்த படங்களையும் அனுப்பினேன். அதோடு பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்திலும் புகார் பதிந்தேன். அத்தகைய புகார் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை; ஆனால் தனிப்பட்ட விவரங்கள் நீக்கப்பட்டு அது பொதுப்பதிவில் சேர்கிறது, ரீகாலின் தீர்வு போதவில்லை என்பதற்கு அது ஒரு சான்றாக நிற்கிறது. சட்டப்படி, சரிசெய்ததாகச் சொன்ன பழுது சரியாகவில்லை என்றால் நிறுவனத்தின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை என்பதையும் கடிதத்தில் ஒரு வரியாகக் குறிப்பிட்டேன். எது வேலை செய்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், அடுத்து வந்த அழைப்பு டீலரின் சர்வீஸ் மேனேஜரிடமிருந்து வந்தது, தொனியும் மாறியிருந்தது.

பாகம் வந்தது ஜனவரி நடுவில். இங்கேதான் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன்: வெளியே உறைநிலைக்குக் கீழே இருக்கும் நாளில், குளிர்ந்த தகட்டின் மீது டேப்பை ஒட்டினால் அது பெயரளவுக்குத்தான் ஒட்டும். இவ்வகை டேப்புகளை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பொதுவாக ஒட்டக் கூடாது. ஒட்டிய பிறகும் முழு வலுவை அடைய அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 72 மணி நேரம் ஆகும். ஆகவே வண்டியை முந்தைய நாள் மாலையே உள்ளே நிறுத்தச் சொன்னேன். உப்பும் மெழுகும் போக, பட்டை அமரும் கூரைக் கால்வாயை ஆல்கஹாலால் துடைக்க வேண்டும், பிரைமர் பூச வேண்டும் என்று ரிப்பேர் ஆர்டரிலேயே எழுதவைத்தேன். பட்டை ஒட்டிய பிறகு வண்டியை உடனே எடுக்காமல் வார இறுதி முழுவதும் அங்கேயே விட்டுவிட்டேன். அந்த நாட்களுக்கு மாற்று வண்டி தந்தார்கள். கேட்ட பிறகுதான் தந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

புதிய பட்டையில் கிளிப்புகளின் வடிவம் மாறியிருக்கிறது. பழையதில் கொக்கி மட்டும் இருந்த இடத்தில் இப்போது உலோகச் சுருள் ஒன்று உள்ளே கவ்விப் பிடிக்கிறது. மாற்றிய வலப்பக்கம் அடுத்த கோடையையும் அதற்கடுத்த குளிரையும் அசையாமல் தாங்கியிருக்கிறது. பருவம் மாறும்போது முனைகளின் இடையே மெல்லிய அட்டையைச் செருகிப் பார்க்கிறேன், அது நுழைவதில்லை. தானியங்கிக் கார் வாஷில் உயர் அழுத்த நீர் பீய்ச்சும் வகையைத் தவிர்த்துவிட்டேன். கையால் கழுவும்போதும் நீர்க்குழாயைப் பட்டையின் விளிம்பை நோக்கிப் பிடிப்பதில்லை. ரிப்பேர் ஆர்டர்களின் அசல்களை வண்டியின் உரிமைப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன். விற்கும் நாளில் வாங்குகிறவருக்கு அவைதான் பயன்படும், இணையத் தேடல் அந்தக் கதையைச் சொல்லாது.

இடப்பக்கத்தை மாற்ற மறுத்துவிட்டார்கள். அது எழும்பவில்லை, ஆகவே பரிசோதனையில் தேறிவிட்டது என்பதே அவர்கள் பதில். இரண்டு பட்டைகளும் ஒரே தொழிற்சாலையில், ஒரே வகைக் கிளிப்போடு வந்தவை என்றால், ஒன்று தோற்ற பிறகு மற்றொன்றைக் குளிர்காலம் வந்து சோதிக்கட்டும் என்று விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதை எழுத்தில் தெரிவித்து, இரண்டாவது கேஸ் எண்ணும் வாங்கியிருக்கிறேன். நிறுவனம் அதை இன்னும் முடிக்கவில்லை.