இல்லஸ்ட்ரிஸ் டிஎன்ஜி தரவுச் சேவை: கேலக்ஸிக் காற்றை ஆராய எதுவரை நம்பலாம்?

கேலக்ஸியிலிருந்து கிளம்பும் காற்று, அதாவது வெளியே பாயும் வாயு, அக்கம்பக்கத்தில் விண்மீன் பிறப்பதைக் கெடுக்கிறதா, காக்கிறதா? இந்தக் கேள்விக்கு இலவசமாகக் கிடைப்பவற்றில் கேலக்ஸிகள் உருவாவதைக் கணினியில் நடத்திப் பார்க்கும் இல்லஸ்ட்ரிஸ் டிஎன்ஜி சிமுலேஷனின் பொதுத் தரவுச் சேவையே எங்கள் முதல் தேர்வு. 2021-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்றே போதும் இதன் அருமை புரிய. மையக் கேலக்ஸியின் சிற்றச்சுத் திசையில் (குறுகலான பக்கம்) இருக்கும் துணைக் கேலக்ஸிகளில், பேரச்சுத் திசையில் (நீண்ட பக்கம்) இருப்பவற்றைவிட விண்மீன் உருவாக்கம் ஓய்ந்துபோவது குறைவு என்று ஸ்லோன் வான் கணக்கெடுப்பு காட்டியது. இந்தச் சிமுலேஷனின் மூன்று பெட்டிகளில் (50, 100, 300) நடுத்தர அளவான டிஎன்ஜி100-லும் அதே போக்கு. கருந்துளை கிளப்பிய காற்று சிற்றச்சுத் திசையில் வாயுவை மெலிய வைக்கிறது. அவ்வழியே போகும் துணைக் கேலக்ஸிமீது எதிரழுத்தம் (எதிரே வரும் வாயு மோதித் தள்ளும் அழுத்தம்) குறைவதால் அதன் வாயு பறிபோவதும் குறைகிறது. அழிக்கும் என்று நினைத்த காற்று காக்கவும் செய்கிறது!

துணைக் கேலக்ஸிகளை எண்ணிக்கையில் பார்க்க டிஎன்ஜி100 அல்லது 300. காற்றின் வடிவத்தைப் பார்க்க டிஎன்ஜி50. வாயுத் துகளின் நிறை 50-இல் சுமார் 85,000 சூரிய நிறை, 100-இல் 14 லட்சம், 300-இல் 1.1 கோடி.

பதிவு செய்தால் ஏபிஐ சாவி (நிரல் வழியே தரவு கேட்க உதவும் கடவுச்சொல்) கிடைக்கும். டிஎன்ஜி100-இன் ஒரு முழு ஸ்னாப்ஷாட்டே (ஒரு கணத்தில் முழுப் பெட்டியின் பதிவு) 1.7 டெராபைட், அதை இறக்க முயலாதீர்கள். வேண்டிய கேலக்ஸிக்கு மட்டும், வேண்டிய புலங்களை (நிறை, வேகம் போன்ற தரவு வகைகள்) மட்டும் கேட்டு கட்அவுட் எடுங்கள், அல்லது அவர்களின் சர்வரிலேயே நிரல் ஓட்டும் ஜூப்பிட்டர் தளத்திலேயே வேலையை முடியுங்கள். 100 ஸ்னாப்ஷாட்டுகளில் 20 மட்டுமே முழுமையானவை, மற்றவற்றில் பல புலங்கள் இருக்காது. 99, 67, 50, 33 ஆகிய எண்கள் முழுமையானவை. செம்பெயர்ச்சி (0 என்றால் இன்று; எண் கூடக் கூடப் பழைய காலம்) முறையே 0, 0.5, 1, 2.

அடிக்கடி நடக்கும் தவறு விண்மீன் துகள்களில்தான். தரவில் விண்மீன்களுக்கு உரியது நான்காம் துகள் வகை; காற்றுத் துகள்களும் அதிலேயே கிடக்கும். உருவான காலம் என்ற புலத்தில் பூஜ்ஜியமோ அதற்குக் கீழோ இருந்தால் அது விண்மீன் அல்ல, காற்று. வடிகட்டாமல் கூட்டினால் விண்மீன் நிறை தப்பாகும்.

வெளியேறும் அளவைக் கணிக்க, மையத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கோள உறையை எடுத்து, வெளிநோக்கிச் செல்லும் ஒவ்வொரு துகளின் நிறையையும் ஆர வேகத்தையும் பெருக்கிக் கூட்டி, உறையின் தடிமனால் வகுக்க வேண்டும். அதற்கு முன் துகள் வேகத்தை விரிவுக் காரணியின் (இன்றைய அளவோடு ஒப்பிட்டால் அன்றைய அண்டத்தின் அளவு) வர்க்கமூலத்தால் பெருக்கி, கேலக்ஸியின் வேகத்தைக் கழியுங்கள். தரவின் நிறை அலகில் ஹபிள் மாறிலி h ஒட்டியிருக்கும்; நிறையை அதன் மதிப்பான 0.6774-ஆல் வகுக்க மறந்தால் விடை மூன்றில் ஒரு பங்கு குறையும். பெட்டியின் விளிம்பில் இருக்கும் கேலக்ஸி இரண்டாகப் பிளந்து தெரியும்; டிஎன்ஜி100-இல் விளிம்பு நீளம் தரவின் அலகில் (கிலோபார்செக்/h) 75,000 என்று வைத்து மடித்துச் சேர்க்க வேண்டும்.

குறை என்று சொன்னால் ஒன்று பெரியது. சூப்பர்நோவா கிளப்பும் காற்று, விண்மீன் உருவாகும் அடர்த்தி வரம்பில் 5 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை (அல்லது ஒரு கால வரம்பு தாண்டும்வரை) சுற்றியுள்ள வாயுவோடு மோதாமலே பறக்கும்படி மாதிரியை அமைத்திருக்கிறார்கள். அடர்ந்த வாயுவின் வெப்பநிலையும் உண்மையானதல்ல, மாதிரிச் சமன்பாடு தரும் எண். ஆகவே வட்டுக்குள் காற்று ஒரு மேகத்தை அமுக்கி விண்மீனைப் பிறப்பிக்கிறதா என்று இங்கே தேடாதீர்கள். அதற்குத் தனிக் கேலக்ஸியின் நுண்சிமுலேஷன் வேண்டும். கருந்துளைக் காற்றுக்கு இந்த மோதாத ஏற்பாடு இல்லை. அதனால்தான் துணைக் கேலக்ஸிகள் பற்றிய கேள்விக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறோம்.