தீவுக்குப் போகேக்க பாக்குக்குள்ள துவாயா, சாரமா?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்தில இருந்து நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ தங்கி நிக்கிற மாதிரி வெளிக்கிடுற ஆக்களுக்கு இதை எழுதுறன், குறிப்பா பிள்ளையளையும் வயசான ஆக்களையும் கூட்டிக்கொண்டு போறவைக்கு. மற்றச் சாமானுகளைப் பற்றிக் கனக்கக் கதைக்கத் தேவையில்லை. தொப்பி, சண்கிரீம், கடலுக்குள்ள போட்டுக்கொண்டே இறங்கக்கூடிய பின்பட்டி வைச்ச செருப்பு, பனடோல், ஜீவனி, நுளம்புத்திரி, ஆளுக்கொரு பெரிய தண்ணிப் போத்தல், ஒரு பவர் பாங்க், மாத்தின சில்லறைக் காசு, அவ்வளவும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கதை வாறது பாக்கில பாதியை நிரப்புற ஒரு சாமானிலதான்: குளிச்சிட்டுத் துடைக்க, போர்க்க, விரிக்க என்னத்தைக் கொண்டு போறது? வீட்டில கிடக்கிற தடிச்ச துவாயா, சாரமா, இல்லாட்டி வெளிநாட்டில இருந்து வாற சொந்தக்காரர் கொண்டு வந்து தாற மெல்லிய மைக்ரோஃபைபர் துவாயா? மூண்டும் எங்கட வீட்டுப் பாக்கில போய் வந்திருக்கு, இப்ப நான் சாரத்தைத்தான் அடுக்கிறன், துவாய் பாவிக்கிற வீட்டுக்காரரோட நிண்டு வாதாடவும் தயார்.

வன்னிக்க வளந்த எங்களுக்குத் துவாய்தான் முதல்ல கைக்கு வரும், அது பிழையில்லை. இரணைமடு வாய்க்கால் ஓடுற பக்கத்தில, கிணத்தடியில வாளி வாளியா அள்ளி ஊத்தித் தோய்ச்சு, வெறும் முத்தத்தில கொடி கட்டிக் காயப்போட்டு, மத்தியானத்துக்குள்ள மொறுமொறு எண்டு எடுக்கிற இடத்தில தடிச்ச துவாய் எவ்வளவு சுகம். ஆனா அந்தச் சுகம் முழுக்க நல்ல தண்ணி தாற சுகம். நெடுந்தீவு எண்டது சுண்ணாம்புக்கல்லுக்கு மேல இருக்கிற தட்டையான தீவு, அங்க ஆறும் இல்லை, பெரிய குளமும் இல்லை. பெய்யிற மழைத்தண்ணி நிலத்துக்குக் கீழ உப்புத்தண்ணிக்கு மேல ஒரு மெல்லிய படையா மிதந்துகொண்டு நிக்கும், கோடையில கூட இறைச்சா உவர் மேல வந்திடும். அங்கத்தைய சனம் நல்ல தண்ணியை எவ்வளவு பக்குவமாப் பாவிக்கினம் எண்டதைப் போய் நிண்டு பாத்தா, நாலு துவாயை அலசித் தாங்கோ எண்டு தங்குற வீட்டில கேக்க வாய் வராது.

பாரம் பற்றி முதல்ல சுருக்கமாச் சொல்லிப்போட்டு வாறன். 70 க்கு 140 சென்ரிமீற்றர் துவாய் ஒண்டு கொஞ்சம் தடிப்பெண்டா அரைக் கிலோவுக்குக் கிட்ட வரும், பருத்திச் சாரம் அதில பாதிதான். ஏ9 இல பஸ் எடுத்து, யாழ்ப்பாணத்தில இறங்கி, 776 பஸ்ஸில ஏறி வேலணை தாண்டிப் புங்குடுதீவில இருக்கிற குறிகட்டுவானுக்குப் போய், அங்க இறங்குதுறையில வரிசையில நிண்டு, குமுதினியோ நெடுந்தாரகையோ தனியார் படகோ எது வருதோ அதில பாக்கைக் கையில தூக்கிக்கொண்டு இறங்கி, நெடுந்தீவெண்டா ஒரு மணித்தியாலம் மட்டில கடலில போகவேணும். மல்லாவி, துணுக்காய் பக்கத்து ஆக்கள் பூநகரியால சங்குப்பிட்டிப் பாலம் ஏறி வந்தா பாதை கொஞ்சம் லேசு, ஆனா குறிகட்டுவானில எல்லாருக்கும் ஒரே கதைதான். நாலு பேருக்கு நாலு துவாய் எண்டா போகேக்க ரெண்டு கிலோ, வரேக்க ஈரத்தோட நாலு கிலோ.

ஆனா நான் சாரத்துக்கு மாறினது பாரத்தால இல்லை, உப்பால. இதைத்தான் கொஞ்சம் விரிவாச் சொல்லவேணும், ஏனெண்டா கடைக்காரரும் சொல்லமாட்டினம், பயணம் போட்டு வந்து படம் போடுறவையும் சொல்லமாட்டினம்.

ஒரு லீற்றர் கடல்தண்ணியில 35 கிராம் மட்டில உப்பு கிடக்கு. பிள்ளை கடலுக்கால நனைய நனைய ஓடிவந்து துவாயைச் சுத்திக்கொண்டு மணலில இருக்குது எண்டு வையுங்கோ, தடிச்ச துவாயின்ர நூல் வளையம் வளையமா நிக்கிறதால அரை லீற்றர் தண்ணியைக் குடிக்கிறது அதுக்குப் பெரிய வேலையில்லை. வெயிலில தண்ணி போகும், உப்பு போகாது. 17 கிராம் உப்பு, கிட்டத்தட்ட மூண்டு தேக்கரண்டி, அந்த வளையங்களுக்குள்ள அப்பிடியே கிடக்கும். பின்னேரம் தொட்டுப் பாத்தா காஞ்ச மாதிரித்தான் இருக்கும். இரவில திரும்ப ஈரம். மாரிகாலத்தில குசினியில உப்புப் போத்தல் கசியிறதைப் பாத்திருப்பியள், அதே வேலைதான் துவாய்க்குள்ளயும் நடக்குது. காத்தில ஈரப்பதன் 75 வீதத்துக்கு மேல ஏறினா உப்பு தானாத் தண்ணியை இழுக்கத் துவங்கும், கடலுப்பில கலந்திருக்கிற மக்னீசியம் குளோரைட் அதுக்கும் முந்தியே இழுக்கும். கடலுக்கு நடுவில இருக்கிற தீவில இரவில ஈரப்பதன் அந்த அளவைத் தாண்டுறது சாதாரணம். அதால ரெண்டாம் நாள் விடிய நீங்கள் கையில எடுக்கிறது பிசுபிசுத்த, கனத்த, மணக்கத் துவங்கின ஒரு துணி, அதால சின்னப் பிள்ளையின்ர முகத்தைத் துடைச்சா தோல் எரியுது எண்டு அழும்.

அலசினா சரிதானே எண்டு கேப்பியள். அலசலாம், தண்ணி இருந்தா. தடிச்ச துவாயில இருந்து உப்பை எடுக்க ரெண்டு மூண்டு தரம் தண்ணி மாத்தவேணும், ஒரு வாளியோட முடியாது. அதோட சுண்ணாம்புக்கல்லுத் தண்ணி வன்தண்ணி, அதில சவக்காரம் போட்டா நுரை வராமல் தயிர் திரைஞ்ச மாதிரி வெள்ளைப் படைதான் வரும், அந்தப் படையும் போய் அதே வளையத்துக்குள்ள இருந்துகொண்டு துவாயை மட்டை மாதிரி ஆக்கிவிடும். சாரமும் உப்பைப் பிடிக்கத்தான் செய்யும், அதை நான் மறைக்கேல்லை. ஆனா அது தட்டையா நெய்த மெல்லிய துணி, வளையம் இல்லை, பிடிக்கிற தண்ணியும் குறைவு. பிள்ளையைக் குளிப்பாட்டி மிஞ்சின அரை வாளித் தண்ணியில முக்கி, அலம்பிப் பிழிஞ்சா உப்பில முக்கால்வாசி போயிடும். சோழகக் காத்து அடிக்கிற நாளெண்டா ரெண்டு பேர் ரெண்டு தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாலே கொஞ்ச நேரத்தில காஞ்சிடும், கொடி தேடத் தேவையில்லை.

கொடியெண்டவுடனே இன்னொண்டு. நெடுந்தீவில எங்க பாத்தாலும் பவளக்கல்லை அடுக்கின வேலி, கல்லுக்கு நடுவில சாந்து கூட இல்லை, பாக்க அவ்வளவு வடிவு. அதில துவாயைப் போட்டா கல்லின்ர சொரசொரப்பு நூலை இழுத்திடும், ஒரு தரம் இழுபட்டா அந்த நூல் பிறகு உள்ள போகாது. சாரத்தைப் போட்டு எடுக்கலாம், ஒண்டும் நடக்காது. மணலும் அப்பிடித்தான், சாரத்தை உதறினா மணல் போயிடும், துவாயில வந்த மணல் வீட்டுக் கட்டில் வரைக்கும் வரும்.

பொம்பிளையளுக்குச் சாரம் எவ்வளவு உதவி எண்டதைத் தனியாச் சொல்லவேணும். கடற்கரையில உடுப்பு மாத்த அறை இல்லை. மூட்டின சாரத்தைத் தலையால போட்டுப் பல்லில கடிச்சுக்கொண்டு உள்ளுக்கு நிண்டு ஈரச் சட்டையைக் கழட்டி மாத்துறது எங்கட ஆக்களுக்குச் சின்ன வயசில இருந்தே தெரிஞ்ச வேலை, குளத்தில குளிக்கேக்க குறுக்குக்கட்டு கட்டிப் பழகினவைக்கு இது பெரிய விசயமே இல்லை. துவாயைச் சுத்திக்கொண்டு மாத்தேக்க ஒரு கை எப்பவும் துவாயைப் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும், காத்து வேற. அந்தப் பயத்தோட நிக்கவேணும் எண்டதாலதான் எங்கட கனபேர் கடலுக்குள்ளயே இறங்காமல் கரையில இருந்து பிள்ளையளைப் பாத்துக்கொண்டு இருக்கினம், அது எனக்கு உண்மையிலேயே கவலை. குதிரையள் மேயிற அந்த வெட்டைவெளியில நிழல் எண்டு சொல்ல ஒண்டும் இல்லை, அங்க சாரத்தை நனைச்சுப் பிழிஞ்சு தலையால போட்டுக்கொண்டு நடக்கலாம். படகில தெறிக்கிற தண்ணிக்குப் பிள்ளையை மூடலாம், இரவில போர்க்கலாம், பெருக்குமரத்தடியில விரிச்சிருந்து சோறு சாப்பிடலாம்.

துவாய் வெல்லுற இடமும் இருக்கு. எங்கட மாமி சாரத்தைக் கண்டவுடனே, "பிள்ளை, இதால துடைச்சா என்ர தலை விடிய மட்டும் காயாது, தடிமன் பிடிக்கப் போகுது" எண்டு சொன்னா, தடிமன் கதையை விட்டாலும் தலை காயாது எண்டு அவ சொன்னது உண்மை. நீளத் தலைமயிருக்குச் சாரம் காணாது, அது துவாய் அளவுக்குத் தண்ணியை உறிஞ்சாது. அதுக்காக ஒரு சின்னத் துவாய், முகம் துடைக்கிற அளவில மெல்லிசா ஒண்டு, தலைக்கு மட்டும் எண்டு வைச்சுக்கொண்டு போறம். அதைக் கடலடிக்குக் கொண்டு போறதே இல்லை, நல்ல தண்ணியில குளிச்சாப்பிறகுதான் வெளியில எடுக்கிறது, அதால உப்புப் படாது. கைக்குழந்தை இருக்கிற ஆக்களும், குளிருக்கு நடுங்குற வயசான ஆக்களும் ஒரு பெரிய துவாயை விடாதேங்கோ, ஈரத்தோட காத்துக்க நிக்கேக்க தடிப்புத் துணிதான் உடம்புச் சூட்டைப் பிடிச்சு வைக்கும்.

மைக்ரோஃபைபர் துவாய் பற்றி எனக்கு அனுபவம் குறைவு, கனடாவில இருந்து அக்கா கொண்டு வந்த ஒண்டை வைச்சுத்தான் சொல்லுறன். பாரமே இல்லை, சுருட்டினா கைக்குள்ள அடங்கும், அது பொலியெஸ்டர் எண்டபடியா நூல் தண்ணியைக் குடிக்காது, கெதியாக் காயும், மணலும் கனக்க ஒட்டாது. உப்பு விசயத்தில சாரத்துக்குக் கிட்ட நிக்கும் எண்டுதான் நினைக்கிறன். எனக்குப் பிடிக்காதது அதின்ர தொடுகை, வேர்வைத் தோலில ஒட்டி இழுக்கும், வேர்வை மணத்தையும் லேசில விடாது, வெக்கை இரவில போர்க்கவே ஏலாது. தனியா ஒரு முதுகுப் பாக்கோட போற பெடியனுக்கு அது நல்லாச் சரிவரும். மாலைதீவுக்குப் போற ஆக்கள் இருக்கினம், ரிசோட்டில தங்கினா கடற்கரைத் துவாய் அவையே தருவினம், இந்தக் கணக்கொண்டும் பாக்கத் தேவையில்லை. ஆனா சனம் குடியிருக்கிற தீவுகளில தங்கினா, ஒதுக்கின கடற்கரையைத் தவிர மற்ற இடத்தில உடம்பை மூடித்தான் நடக்கவேணும், அங்கயும் சாரம் கைகொடுக்கும்.

சாரம் எண்டு முடிவெடுத்தா எந்தச் சாரம் எண்டதையும் பாருங்கோ. புதுசு வேண்டாம். புதுச் சாரத்தில கஞ்சிப் பசை இருக்கும், தண்ணி உறிஞ்சாது, கடுங்கலர் எண்டா சாயமும் போய் மற்ற உடுப்பில பிடிக்கும். வீட்டில அப்பா கட்டிக் கட்டிப் பஞ்சாப் போன கட்டம் போட்ட பருத்திச் சாரம்தான் திறம். பொலியெஸ்டர் கலந்ததெண்டா துடைக்கேக்க வழுக்கும், உள்ளங்கையில ஒரு சொட்டுத் தண்ணி விட்டு ஒத்திப் பாத்தாத் தெரியும். ஆளுக்கு ரெண்டு, ஒண்டு கடலுக்கு, ஒண்டு நல்ல தண்ணிக்கும் படுக்கைக்கும், ரெண்டையும் கலக்காதேங்கோ. எல்லாம் மூட்டினதா இருக்கட்டும், ஒண்டு மட்டும் மூட்டாததா வைச்சா விரிக்கவும் குழந்தைக்கு ஏணை கட்டவும் உதவும். கடல்சாரத்தை ஒரு பொலித்தீன் பைக்குள்ள தனியாக் கட்டி வையுங்கோ, இல்லாட்டி உப்பு பாக்கின்ர சிப்பில ஏறி அதைக் கறள் பிடிக்க வைச்சிடும்.

வீட்டுக்கு வந்தவுடனே சவக்காரம் போடாமல் முதல்ல வெறும் தண்ணியில ஊறவிட்டு ஒரு தரம் அலசுங்கோ, பிறகு தோயுங்கோ. மாரிக்குள்ள நான் தீவில தங்கேல்லை, நான் சொன்னதெல்லாம் மாசியில இருந்து ஆவணி வரைக்கும் பாத்த கோடைக் கணக்கு. கார்த்திகை, மார்கழியில வாடைக் காத்தும் மழையும் எண்டா சாரமும் காயப் பிந்தும், குளிரும் கூட, அப்ப போறவை ஆளுக்கு ஒரு சாரமும் ஒரு துவாயும் எண்டு கொண்டு போனா நல்லம் எண்டு நினைக்கிறன்.